அதே இடத்தில் இன்னொரு அடி

கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை பெய்தால் எங்களுக்கு வேலை. நானும் என் மைத்துனனும் கிள்ளான் பக்கம் ஒரு மேம்பாலத்தின் கீழே இழுவை லோரியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தபடி இருப்போம். எங்கே கார் மோதியது என்று செய்தி வந்ததும் அவன் ஓட்டுவான். போய்ச் சேர்ந்ததும் நான் குதித்து, நொறுங்கிய காரின் அடியில் கொக்கியை மாட்டுவேன். யாருடைய கொக்கி முதலில் விழுகிறதோ அவருக்குத்தான் கார். எந்தச் சட்டத்திலும் அது இல்லை. எல்லா லோரிக்காரர்களும் ஒத்துக்கொண்ட வழக்கம் அது. ஒத்துக்கொள்ளாத நாளில் அடித்துக்கொள்வார்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க வராது. காருக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்யும் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு, அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்.

அன்று மதியத்துக்கு மேல் பெய்த மழையில் ஒரு வெள்ளைக் கார் தடுப்பில் மோதித் திரும்பி நின்றது. நான் கொக்கியை மாட்டிவிட்டேன். சங்கிலி இறுகும் சத்தம்கூடக் கேட்டது. அப்போதுதான் இன்னொரு லோரி வந்து நின்று, அதிலிருந்து நான்கு கால்கள் இறங்கின. காருக்கு அடியிலிருந்து எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"கொக்கிய கழட்டுடா."

"மொத கொக்கி எங்களுது. கண்ணு தெரியலையா?" என்றான் மைத்துனன்.

"கண்ணு தெரியுது. உனக்குத்தான் மூக்கு இல்ல."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. திருட்டுக்குப் பயந்து காரின் ஸ்டீரிங்கில் மாட்டும் நீள இரும்புப் பூட்டுதான் எல்லோருக்கும் ஆயுதம்; அது எலும்பில் விழும் சத்தம் தனியாகக் கேட்கும். ஈரத் துணியில் சுத்தியல் விழுவது போல இருக்கும். நான் வெளியே ஊர்ந்து வருவதற்குள் மைத்துனன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். அவன் முன்னால், எங்களுக்கெல்லாம் தெரிந்த சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் நின்றார். குனிந்தவனின் நெஞ்சுக்குழியில் முழங்கையால் ஒரு குத்து. நான் ஜாக்கி கம்பியால் அவர் தொடையில் அடித்தேன். அவரோடு வந்தவன் என் முதுகில் உதைத்தான். என் முகம் தார்ச்சாலையில் தேய்ந்தது. மைத்துனன் எழுந்து அவனுடைய தலையைப் பிடித்து லோரிக் கதவில் மோதினான், மறுபடியும் மோதினான். கதவில் ரத்தம் வழிந்து மழையில் கரைந்தது. கார்க்காரர் தன் காரை விட்டுவிட்டுத் தூரமாகப் போய் நின்றுகொண்டார். விபத்தைவிட எங்களைப் பார்த்துத்தான் அவர் அதிகம் பயந்திருக்க வேண்டும்.

கார் எங்களுக்கே வந்தது.

சிவப்புத் தொப்பிக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஸ்ரீ கெம்பாங்கானில் பழைய கார்கள் வைக்கும் இடம் ஒன்றுக்கு அவர் லோரி ஓட்டினார். எங்கள் ஆள்தான், தமிழர். தேத்தண்ணீர்க் கடைகளில் அவர் பேச்சு பெரிதாக இருக்கும். தன் தாத்தா கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான் என்றும், தான் விரலை வைத்தால் போதும் என்றும் சொல்வார். "இப்ப ஒண்ணும் தெரியாது. வீட்டுக்குப் போய் சாப்புட உக்காருவான். அப்பதான் மூச்சு நிக்கும்." கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் போன வருடம் அவரிடம் அடி வாங்கிய ஒரு மணி நேரத்தில் என் மைத்துனனுக்கு மூச்சு இளைத்து, கிளினிக்கில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்துத்தான் சரியானது. அன்றிலிருந்து யாரும் சிரிப்பதில்லை. அவர் முழங்கையைத் தூக்கினால் எங்கள் ஆட்கள் நெஞ்சை மூடிக்கொள்வார்கள்.

எங்கள் லோரியின் முன்பலகையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் வலி மாத்திரைகள். எல்லா லோரியிலும் அப்படி ஒரு டின் இருக்கும். அடிதடி முடிந்து வண்டி நகர்ந்ததும் யாராவது ஒருவர் டின்னைத் திறப்பார். அடி வாங்கியவர்கள் ஆளுக்கு ஒன்று விழுங்குவார்கள். சாமி கும்பிட்டுவிட்டுத் திருநீறு எடுப்பது போல அது பழகிவிட்டது. எனக்கு மட்டும் அந்த மாத்திரை வயிற்றைப் பிடுங்கும். அதனால் நான் தைலம் தேய்த்துக்கொள்வேன். மைத்துனன் அன்று டின்னைத் தானே திறந்து, தண்ணீர் இல்லாமல் விழுங்கினான்.

"தைல நாத்தம் தாங்கல மாமா" என்று சிரித்தான். கேலிக்குச் சொன்னது. அவனுக்கு எந்த நாற்றமும் தெரியாது. சில வருடங்களாகவே மூக்கு அடைத்தபடி இருந்தது. பெட்ரோல் ஒழுகும் காரின் பக்கத்தில் நின்று அவன் சிகரெட் பற்றவைக்கப் போனதும், நான் அவன் கையைத் தட்டிவிட்டதும் உண்டு.

வொர்க்‌ஷாப்பில் காரை இறக்கும்போது அவன் முகம் சிவந்திருந்தது. மூக்கிலிருந்து தண்ணீராக வந்தது. பிறகு இருமினான். பிறகு சங்கிலியை விட்டுவிட்டு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தான். அவன் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது.

"மாமா, காத்து வரல."

உதடு நீலமானது. கழுத்துச் சதை ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தது. எங்கள் முதலாளியை எல்லோரும் பாஸ் என்போம். அவர் அலுவலக அறையிலிருந்து வந்து ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க அடிச்சான்?"

நான் நெஞ்சுக்குழியைக் காட்டினேன்.

"போன வருஷம் மாதிரியேவா?"

தலையசைத்தேன்.

பாஸ் சுவரில் சாய்த்திருந்த இரும்புக் குழாயை எடுத்தார். "நீ இவன ஹாஸ்பிட்டலுக்குக் கொண்டு போ. நாங்க கெம்பாங்கான் போறோம். இவன் மூச்சு நின்னா அவன் மூச்சும் நிக்கணும்." மூன்று பேர் அவரோடு ஏறினார்கள். ஒருவன் இருக்கைக்கு அடியில் பாராங் கத்தியைத் தள்ளியதைப் பார்த்தேன். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவும் இல்லை. அப்போது எனக்கும் அந்த ஆளைக் கொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவனைக் கட்டிலில் போட்டதும் முகத்தில் முகமூடி வைத்தார்கள், தொடையில் ஊசி போட்டார்கள். டாக்டர் தமிழ்ப் பெண், சின்ன வயது.

"என்ன ஆச்சு அங்கிள்?"

"வர்ம அடி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே, "நெஞ்சு எலும்பு உடையல. ரெண்டு பக்கமும் இறுகியிருக்கு. அடிக்கும் இதுக்கும் நடுவுல என்ன சாப்ட்டாரு?" என்றார்.

"ஒண்ணும் சாப்டல. வலி மாத்திரை ஒண்ணு."

அவர் கை நின்றது. "மூக்கு அடைப்பு இருக்கா? வாசனை தெரியுமா இவருக்கு?"

"தெரியாது. ரொம்ப வருஷமா."

"முன்ன இந்த மாதிரி வந்தப்பவும் மாத்திரை போட்டாரா?"

போன வருடம் அவன் டின்னைத் திறந்தது கண் முன்னால் வந்தது. அன்றைக்கு அடி விழுந்தது நெஞ்சில் அல்ல, இடுப்பில். நாங்கள் பேசிப் பேசி அதை நெஞ்சுக்கு ஏற்றியிருந்தோம்.

நான் வெளியே நிறுத்தியிருந்த லோரிக்கு ஓடிப்போய் டின்னைக் கொண்டுவந்தேன். அவர் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். "இதுதான். அடி இல்ல அங்கிள், இதுதான்."

"மாத்திரை எப்படி மூச்ச நிறுத்தும்? நாங்க எல்லாரும்தான் போடறோம்."

அவருக்கு நேரம் இல்லை. இருந்தும், நர்ஸ் அடுத்த ஊசியைத் தயார் செய்த அந்தச் சிறு இடைவெளியில் எனக்குச் சொன்னார். "ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பால ஒரு தோல் இருக்கு. அடி விழுந்தா அந்தத் தோல்லருந்தே ஒரு துண்டு கொழுப்ப வெட்டிச் சேதியாக்கி வெளிய விடும். பக்கத்து செல்லுல அந்தச் சேதிக்குன்னே ஒரு பூட்டு இருக்கு. அதுல போய் மாட்டினா, அங்க வீங்கும், வலிக்கும். வெட்டின கொழுப்புக்கு ரெண்டு ரோடு. ஒண்ணு வலிக்கு. இன்னொண்ணு மூச்சுக்குழாய இறுக்கறதுக்கு. இந்த மாத்திரை மொத ரோட்ட மூடுது. இவர மாதிரி சில பேருக்கு, எல்லாம் ரெண்டாவது ரோட்டுல திரும்பிடும்."

ரோடு என்றால் எனக்குப் புரியும். ஒரு சாலையை மூடினால் அடுத்த சாலை என்ன ஆகும் என்பதைப் பார்த்துத்தான் நாங்கள் பிழைக்கிறோம்.

"பொழைச்சிடுவானா?"

"டியூப் போட வேண்டியிருக்கும். இப்ப சொல்ல முடியாது."

வெளியே வந்து பாஸுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கூடப் போன மற்றவர்களும் எடுக்கவில்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்தால் எடுத்திருப்பார்கள். எடுக்காததற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் மனைவி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தாள். வரும் வழியிலேயே அவளுக்குப் போனில் சொல்லியிருந்தேன். அதற்குள் அவள் வாடகைக் காரில் வந்து இறங்கினாள்.

"எங்க என் தம்பி? நீங்க எங்க போறீங்க?"

"தப்பான ஆள அடிக்கிறாங்க. நீ அவன்கூட இரு."

"நீங்க போய் என்னத்த பேசப் போறீங்க?" என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஸ்ரீ கெம்பாங்கானில் தகர வேலி போட்ட அந்த இடத்துக்குள் நுழைந்தபோது சத்தம் எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அடிதடியில் கத்துகிற நேரம் நல்ல நேரம். கார்களின் நடுவில் சிவப்புத் தொப்பிக்காரர் மண்டியிட்டிருந்தார். தொப்பி சேற்றில் கிடந்தது. ஒரு கண் மூடிவிட்டது. இடது கை தப்பான பக்கம் வளைந்திருந்தது. அவருடைய கூட்டாளி ஓடிவிட்டான். பாஸ் குழாயைத் தோளில் வைத்து மூச்சு வாங்கினார். எங்களில் ஒருவன் பாராங்கைப் பிடித்திருந்தான். அது இன்னும் சுத்தமாகத்தான் இருந்தது.

"மாத்து எது? வர்மத்துக்கு மாத்து அடி இருக்கும்ல. வந்து அவன எழுப்பு" என்று பாஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியாது பாஸ். எனக்கு வர்மமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. சும்மா வாயி."

"தாத்தா ஆசான்னியே?"

"தாத்தா ஆசாரி பாஸ். கதவு செஞ்சாரு."

ஒருவன் சிரித்துவிட்டான். பாஸ் சிரிக்காமல் குழாயை ஓங்கினார். நான் "வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டடி ஓடிக் கையை நீட்டினேன். குழாய் என் முன்கையில் விழுந்தது. கண் இருட்டியது. விழாமல் நின்றேன்.

"பைத்தியமாடா நீ?"

"மாத்திரை பாஸ். டின்ல இருக்க மாத்திரை. டாக்டர் சொல்றாங்க. அடி இல்ல."

"அப்ப நாங்க எல்லாரும் செத்திருக்கணுமே. நான் நேத்துகூட ரெண்டு போட்டேன்."

"சில பேருக்குத்தான். மூக்கு இப்படி இருக்கவங்களுக்கு. அவனுக்கு வாசனையே தெரியாதுல்ல."

"அந்தப் பொண்ணு சொல்லும், நீயும் நம்புவ. இவன் முழங்கை பட்டதும் மச்சான் விழுந்தான். நான் கண்ணால பார்த்தேன்."

அவர் பார்க்கவில்லை. ஆனால் அங்கே இருந்த எல்லோரும் அதைப் பார்த்தது போலவே இருந்தார்கள். செல், கொழுப்பு என்றெல்லாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. பாராங் வைத்திருந்தவன் ஒரு அடி முன்னால் வந்தான். அப்போது என் வாயில் வந்ததை இன்று யோசித்தாலும், யாரோ பேசியது போலத்தான் இருக்கிறது.

"என்னை அடிக்கச் சொல்லுங்க. அதே இடத்துல. மாத்திரை போடாம உக்காந்திருக்கேன். மூச்சு நின்னா நீங்க செய்யறத செய்ங்க."

பாஸ் ஓங்கிய குழாயை இறக்கினார். பிறகு சிவப்புத் தொப்பிக்காரரின் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "அடி. மெதுவா அடிச்சா கைய வெட்டிருவேன்."

அவர் உடையாத கையை மடக்கினார். "மன்னிச்சுக்கண்ணே" என்றார். முழங்கை நெஞ்சுக்குழியில் இறங்கியது. என் வயிற்றில் இருந்தது எல்லாம் வெளியே வந்தது. சேற்றில் கவிழ்ந்து கிடந்தேன். மூச்சு இழுக்க முடியவில்லை. பாராங் வைத்திருந்தவன் "பார்த்தீங்களா" என்று கத்தினான். சிவப்புத் தொப்பிக்காரர் ஒரு கையால் என்னைப் புரட்டி உட்கார வைத்து முதுகைத் தடவினார். "இழு அண்ணே, இழு." கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வந்தது.

"இது சாதா அடி. ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்றார் பாஸ்.

காத்திருந்தோம். எங்கள் ஆட்கள் ஒரு காரின் மூடி மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்கள். நான் ஒரு டயரில் சாய்ந்திருந்தேன். எதிரில், என் முட்டி அவர் முட்டியில் படும் அளவுக்கு நெருக்கமாக, சிவப்புத் தொப்பிக்காரர். அவருடைய திறந்திருந்த ஒரு கண் என் நெஞ்சை விட்டு நகரவில்லை. நான் ஒரு முறை இருமினேன். அவர் முகம் வெளுத்தது.

"அண்ணே, இருக்கா?"

"இருக்கு."

"நல்லா போகுதா?"

"போகுது."

என் பொண்டாட்டிகூட என் மூச்சை அப்படிப் பார்த்ததில்லை.

முன்கை கண்ணெதிரே வீங்கியது. தொட்டால் சுட்டது. அந்த டாக்டர் சொன்னது அதற்குள் நடப்பதை நினைத்துக்கொண்டிருந்தேன்: தோலிலிருந்து ஒரு துண்டு கொழுப்பை வெட்டி, சேதியாக்கி, அடுத்த வாசலுக்கு அனுப்பி, அது பூட்டில் மாட்டி. அப்போது எனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியைப் பிறகு வார்டில் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அந்தச் சேதிகள் தூரம் போகாதாம், பிறந்த இடத்துப் பக்கத்திலேயே கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடுமாம். ஒரே சேதி ஒரு பூட்டில் விழுந்தால் வலி, வேறு பூட்டில் விழுந்தால் மூச்சுக்குழாய் தளரும். முதல் ரோட்டின் சேதிதான் இரண்டாவது ரோட்டைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்குமாம். மாத்திரை வலியை நிறுத்துகிற அதே வேகத்தில், அப்படி அடக்கிப் பிடித்திருந்த கையையும் எடுத்துவிடுகிறது. சேதி கெட்டது, நல்லது என்று இல்லை. எந்த வாசலில் போய் நிற்கிறது என்பதுதான்.

என் கையில் நடந்ததேதான் எதிரில் இருந்தவரின் கண்ணிலும் நடந்துகொண்டிருந்தது. எங்களில் ஒருவன் பழக்கத்தில் தன் லோரியின் டின்னைக் கொண்டுவந்து நீட்டினான், என்னிடம் இல்லை, அவரிடம். அவர் வலியில் கையை நீட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு வாசனை தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "வாந்தி நாத்தம் அடிக்குது அண்ணே."

"அப்ப போட்டுக்கலாம்னு நினைக்கிறேன்."

அவர் போட்டுக்கொள்ளவில்லை. டின்னைக் கீழே வைத்துவிட்டு மறுபடி என் நெஞ்சைப் பார்க்க ஆரம்பித்தார்.

மழை விட்டது. பாஸ் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போது என் போன் அடித்தது. மனைவி. டியூப் போட்டிருக்கிறார்கள், இறுக்கம் குறைகிறது, காற்று போகிறது, டாக்டர் முகம் இப்போது பரவாயில்லை என்றாள். நான் ஒலிபெருக்கியைப் போட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். பாஸ் கேட்டார். குழாயைக் கீழே போட்டார். போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். மன்னிப்பு என்று யாரும் எதையும் சொல்லவில்லை. நானே சிவப்புத் தொப்பிக்காரரை எங்கள் லோரியில் ஏற்றி, அவர் கையைப் பார்க்கக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவர் பேசவில்லை. இரண்டு பேர் பேசாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மைத்துனன் பிழைத்தான். மூக்குக்குள் வளர்ந்திருந்த சதையை அறுத்து எடுத்தார்கள். இரவில் ஒரு மாத்திரை போடுகிறான். அது இறுக்குகிற சேதியின் பூட்டில் முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்ளுமாம், சேதி வந்தாலும் மாட்ட இடம் இருக்காது. முதல் கொக்கி மாதிரி, என்றான் அவன். எங்கள் லோரியில் டின் இல்லை. மற்ற லோரிகளில் இருக்கிறது.

சண்டை நின்றுவிடவில்லை. போன மாதம்கூட என் உதடு கிழிந்தது. சிவப்புத் தொப்பிக்காரரின் கை சரியாகச் சேரவில்லை. ஆனால் இன்னும் ஓட்டுகிறார், வர்மம் பற்றி மட்டும் பேசுவதில்லை. மழை நாளில் இரண்டு லோரியும் ஒரே காருக்கு வந்து நின்றால் அவர் இறங்கி வருவார், கொக்கி யாருடையது என்று பார்க்க. ஆனால் முதலில் பார்ப்பது கொக்கியை அல்ல. என் நெஞ்சை ஒரு கணம் பார்ப்பார், ஏறி இறங்குகிறதா என்று. அப்புறம்தான் கெட்ட வார்த்தை.